பிக்-அப்பின் பின்னால் டிரைலர் மாட்டலாமா?

‘என்னிடம் ஒரு பிக்-அப் வண்டி இருக்கிறது. மினி டிராக்டரும் பவர் டில்லரும் வைத்து வாடகைக்கு உழுது கொடுக்கிறேன். குமணன்சாவடியிலிருந்து நேமம், குத்தம்பாக்கம், வெள்ளவேடு வரை போக வேண்டியிருக்கிறது. பட்டறையில் ஒரு டிரைலர் அடித்து, பிக்-அப்பின் பின்னால் கொக்கி வைத்து இழுத்துப் போகலாம் என்கிறார்கள். செலவும் குறைவு. செய்யலாமா?’

வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், வேண்டாம். ஆனால் இப்படிக் கேட்பவர் இவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. ஒருவர் வயலை உழுது முடித்தால், வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் டிராக்டர் இறங்கிவிடும். இன்று ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவில் மனைப்பிரிவும் கிடங்கும் காம்பவுண்டுச் சுவரும் வந்துவிட்டன. அரை ஏக்கர் இங்கே, ஒரு ஏக்கர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் நவரைக்கும் உழ வேண்டிய இயந்திரம், குமணன்சாவடி சந்திப்பில் மாநகரப் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே, மெட்ரோ ரயில் தூண்களை ஒட்டி ஊர்ந்து, பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளோடு ஓட வேண்டியிருக்கிறது. உழுகிற நேரத்தைவிடச் சாலையில் இருக்கும் நேரம் சில நாட்களில் அதிகம். அதனால்தான் சேற்று உழவைப் பற்றி எழுதுகிற இந்தப் பக்கத்தில் தார்ச்சாலையைப் பற்றியும் எழுத வேண்டியதாகிவிட்டது.

பிக்-அப்பின் பின்னால் டிரைலர் மாட்டும் ஆசை பெரும்பாலும் கைபேசியில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வருகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்-அப்பின் பின்னால் டிராக்டரையே ஏற்றி இழுத்துப் போகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீடியோவில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் சுமையோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டும் டிரைலருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும். 2 டன்னைத் தாண்டினால், கொக்கி கழன்று டிரைலர் தனியே ஓடினாலும் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் வேண்டும். எவ்வளவு இழுக்கலாம் என்று வண்டி செய்த நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கும். கொக்கிக்கும் அளவு உண்டு.

நம் ஊர் பிக்-அப்பைச் சுமை தூக்கத்தான் செய்கிறார்கள். பின்பக்கப் பட்டைவில்லும் அச்சும் பிரேக்கும் தொட்டியில் வைக்கிற பாரத்துக்குக் கணக்குப் போட்டவை. சேஸிஸின் கடைசியில் ஒரு கொக்கியைப் பற்றவைத்து ஒரு டன்னைத் தொங்கவிட்டால், அந்தக் கணக்கு எதுவும் அங்கே பொருந்தாது. பற்றவைத்த இடம் நாளாக நாளாகக் களைத்து, ஒரு நாள் விரிசல் விடும். அது எந்த நாள் என்பது யாருக்கும் தெரியாது.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரைலரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும். அங்கீகாரம் பெற்ற மாதிரியில் செய்யப்பட்டிருக்க வேண்டும். பட்டறையில் அடித்த டிரைலருக்கு இதெல்லாம் கிடைக்காது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் செய்து கொடுத்த வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. இத்தனையும் போலீஸ் பிடிப்பார்களே என்பதற்காகச் சொல்லவில்லை. பிடிக்காமலேயே பத்து வருஷம் ஓட்டிவிடலாம். ஆனால் பதினோராவது வருஷம் பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரர் ஒருவர் அந்த டிரைலரில் மோதி இறந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். தீர்ப்பாயம் சொல்லும் தொகை லட்சக்கணக்கில் இருக்கும். இருக்கிற அரை ஏக்கரும் அதற்கே போய்விடும்.

சரி, இயந்திரத்தை எப்படித்தான் கொண்டுபோவது? இந்த வாசகருக்கு வழி அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. மினி டிராக்டர்கள் பெரும்பாலும் 600 முதல் 900 கிலோ எடைக்குள் அடங்கும். பவர் டில்லர் சுமார் 400 கிலோ. உங்கள் பிக்-அப்பின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 1,700, 3,000 என்று இருந்தால், நடுவில் உள்ள 1,300 கிலோதான் உங்கள் உரிமை. அதில் டிரைவரும் உதவியாளும் டீசல் கேனும் பலகையும் அடக்கம். ஆக, மினி டிராக்டரைத் தனியாகத் தொட்டியிலேயே ஏற்றிப் போகலாம், பவர் டில்லருக்கு இன்னொரு நடை. ரோட்டாவேட்டரோடு சேர்ந்து நீளம் மிஞ்சினால் கழற்றித் தனியாக வையுங்கள். தொட்டியின் பின்கதவைத் திறந்து போட்டு, ரோட்டாவேட்டர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஓட்டுகிறார்களே, அந்தக் கத்திகள் பின்னால் வருகிறவரின் முகத்துக்கு நேராக இருக்கின்றன. சுமை வண்டிக்கு வெளியே நீண்டால் அதற்கென்றே 20,000 ரூபாய் அபராதம் சட்டத்தில் இருக்கிறது. அதிக பாரத்துக்கும் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், அதற்கு மேல் மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

குட்டி யானை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 750 கிலோ ஏற்றுகிற வண்டியில் 850 கிலோ மினி டிராக்டர் ஏறத்தான் செய்யும், நகரவும் செய்யும். நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்காது.

முன்பாரம், பின்பாரம்

டிராக்டரில் டிரைலர் மாட்டி ஓட்டுவது வேறு விஷயம். டிராக்டர் இழுக்கவே பிறந்தது. ஆனால் அதிலும் பாரத்தை எங்கே வைப்பது என்பதில் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நம் தாத்தாமார்களுக்கு இது தெரிந்திருந்தது. மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கும்போது ‘முன்பாரமா, பின்பாரமா’ என்று நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் கொஞ்சம் முன்பாரமாகவே வைப்பார்கள்.

இரண்டு சக்கர டிரைலருக்கும் அதே கணக்கு. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவாவது கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். பின்பாரமானால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரத்துக்கு மண்ணில் பிடிப்புக் குறையும். வேகம் கூடினால் டிரைலர் வாலை ஆட்டத் தொடங்கும். ஒருமுறை ஆட ஆரம்பித்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பி அதை அடக்க முடியாது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் இன்னும் மோசம். ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விடுவதுதான் வழி. சூளையிலிருந்து செங்கல் ஏற்றும்போது ஆட்கள் பின்பக்கத்திலிருந்தே அடுக்கிக்கொண்டு வருவார்கள், கை எட்டுகிறது என்பதற்காக. அடுக்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

டிரைலரை டிராக்டரின் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேல் இணைப்புக் கம்பியிலோ, அச்சுக்கு மேலே வேறெதிலோ சங்கிலி போட்டு இழுத்தால், முன்சக்கரம் தூக்கி டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். சேற்றில் மாட்டிய டிரைலரை வெளியே எடுக்கும் அவசரத்தில்தான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. கிளட்ச்சைப் பட்டென்று விடுவார்கள், முன்பக்கம் எழும்பும், குதிக்கக்கூட நேரம் இருக்காது. கொக்கியின் முள்ளுக்குக் கீழே கிளிப் போடாமல் ஓட்டுவதும் சாதாரணமாகிவிட்டது. கிளிப்பின் விலை ஒரு டீயின் விலைகூட இருக்காது. அதோடு ஒரு தடித்த சங்கிலியைக் கொக்கிக்குத் துணையாகக் கட்டிவிடுங்கள், முள் உடைந்தாலும் டிரைலர் தனியே ஓடாது.

நிறுத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர் 2 டன், நெல் மூட்டையோடு டிரைலர் 5 டன், டிரைலருக்குத் தனி பிரேக் இல்லை. காய்ந்த சாலையில் தனி டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடித்தால் சுமார் 4 மீட்டரில் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதே பிரேக் இப்போது 7 டன்னை நிறுத்த வேண்டும். சுமார் 14 மீட்டர் ஆகும். வேகம் 40 கிலோமீட்டர் என்றால் அது 28 ஆகாது, 56 மீட்டரைத் தொடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. அதோடு கண் பார்த்து கால் மிதிப்பதற்குள் போகிற ஒரு விநாடியில் இன்னும் 11 மீட்டர் ஓடியிருக்கும். மழை பெய்து சாலையில் சேறு படிந்திருந்தால் இந்தக் கணக்கையும் மறந்துவிடுங்கள். குமணன்சாவடி சந்திப்பில் உங்களுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றால், 56 மீட்டருக்கு எங்கே போவது?

ஆகவே பாரத்தோடு ஊருக்குள் 15, 20-க்கு மேல் போகாதீர்கள். பாலத்திலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது எஞ்சின்தான் உங்களுக்கு இரண்டாவது பிரேக். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் டிரைலர் மடங்கி டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இன்னொன்றை நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் விடாமல் சொல்வேன். டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கிறது. வயலில் தலைமாட்டில் சுருக்கமாகத் திரும்புவதற்காகத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு கொண்டி உண்டு. நூறு டிராக்டரைப் பார்த்தால் பாதிக்கு மேல் அந்தக் கொண்டி துருப்பிடித்துக் கிடக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும். பூட்டாமல் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும், பின்னால் 5 டன் அதைப் புரட்டிவிடும். வரப்பிலிருந்து சாலைக்கு ஏறும்போது முதல் வேலை அந்தக் கொண்டியைப் போடுவது. ரோட்டாவேட்டர் மாட்டியிருந்தால் பி.டி.ஓ.வை நிறுத்தி, தூக்கிய நிலையில் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேஜ் வீலைக் கழற்றி டிரைலரில் போடுங்கள். அதோடு தார்ச்சாலையில் ஓட்டினால் ரோடும் அறுபடும், எதிரே வருகிற வண்டியின் பக்கவாட்டும் அறுபடும்.

இனி வெளிச்சம். வைக்கோல் பாரம் பின்விளக்கை மூடிவிடுகிறது. கரும்புப் பாரமும் அப்படித்தான், திருவாலங்காடு ஆலைக்குப் போகும் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பல டிரைலர்களில் விளக்கே கிடையாது. நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார், நீங்கள் 20-ல் போகிறீர்கள். இருட்டில் அவருக்கு நீங்கள் நிற்கிற சுவர் மாதிரிதான். பின்பலகை முழுக்க, பக்கவாட்டிலும் ஒளி திருப்பும் சிவப்பு, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பாரத்துக்கு வெளியே தெரிகிற மாதிரி ஒரு விளக்கை நீட்டிக் கட்டுங்கள். பஞ்சராகி நிற்க நேர்ந்தால் கல்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கல்லை எடுக்க மறந்து, அடுத்து வருகிறவர் அதில் மோதுவதும் உண்டு. முக்கோண எச்சரிக்கைப் பலகையை நல்ல தூரம் தள்ளி வையுங்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்

ரோட்டில் ஓட்டுவதைவிட ஏற்றி இறக்கும்போதுதான் கையும் காலும் போகிறது. பலகையின் நீளம் தொட்டியின் உயரத்தைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். தொட்டி இரண்டே முக்கால் அடி உயரமென்றால் பதினோரு அடிப் பலகை. நம் ஆட்கள் வைத்திருப்பது ஆறடி, அதுவும் சென்ட்ரிங் பலகை. பலகையின் மேல்முனை வழுக்காமல் தொட்டியில் மாட்டிக்கொள்ள இரும்புக் கொக்கி வைத்துச் செய்யுங்கள். அதைவிட நல்லது, பிக்-அப்பை ஒரு மண்மேட்டை ஒட்டியோ கால்வாய்க் கரையை ஒட்டியோ பின்பக்கமாக நிறுத்துவது. மேடும் தொட்டியும் ஏறக்குறைய சமமாகிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். பின்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

பவர் டில்லரை ஏற்றும்போது முன்கியரில் மெதுவாக, இறக்கும்போது ரிவர்ஸ் கியரில் மெதுவாக. பலகையின் மேல் இருக்கும்போது பக்கவாட்டுக் கிளட்ச்சைத் தொடவே கூடாது. சரிவில் இறங்கும்போது அது சமதளத்தில் திரும்புகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பும். பழகிய கை இடது கிளட்ச்சைப் பிடிக்கும், டில்லர் வலப்பக்கம் பலகையை விட்டு விழும். திசை தவறினால் நிறுத்தி, மறுபடி கீழே இறக்கி, நேராக்கி ஏற்றுங்கள். கீழே நின்று தோள் கொடுத்துத் தள்ள ஆள் வைக்காதீர்கள். 400 கிலோவைத் தோள் தாங்காது.

தொட்டியில் எஞ்சின் பக்கம் முன்னால், கேபினை ஒட்டி வரட்டும். கியரில் போட்டு, டீசல் குழாயை மூடி, நான்கு மூலையிலும் எதிரெதிர் பக்கமாக இழுத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு இழுபட்டு நீளும், ஐந்து கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். ராட்செட் பெல்ட் நான்கு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எதில் கட்டினாலும் புறப்பட்டுச் சிறிது தூரத்தில் ஒருமுறை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள்.

பாரத்தின் மேல் ஆள்

நடவுக்கு வரும் பெண்களை டிரைலரில் ஏற்றிப்போவது நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. பஸ் இல்லாத வயலுக்கு வேறு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள், கேள்வி நியாயம்தான். ஆனால் 2022 அக்டோபர் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரைலர் சாலையோரக் குளத்தில் கவிழ்ந்து இருபத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். டிரைலர் கவிழும்போது உள்ளே இருப்பவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதன் பாரமே அவர்கள் மேல் விழுகிறது.

சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆஷா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மட்கார்டில் உட்காருகிறவருக்கும் டிராக்டரில் இருக்கை கிடையாது. அவர் விழுகிற இடம் பின்சக்கரத்துக்கு முன்னால். நடவு ஆட்களுக்கு ஒரு ஷேர் ஆட்டோ பேசிவிட்டால் அந்த வாடகை கூலிக் கணக்கில் சேர்ந்துவிட்டுப் போகட்டும்.

கூடவே வந்த சில கேள்விகள்

கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு பிக்-அப் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிராக்டருக்கும், அதன் காலி எடை 7,500 கிலோவைத் தாண்டாதவரை, அதே உரிமம் போதும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் பிக்-அப் என்றால் பர்மிட் விஷயத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றுக்குச் சட்டமே விலக்குத் தருகிறது.

உழவு இல்லாத மாதங்களில் டிராக்டர் டிரைலரில் செங்கல், எம்-சாண்ட் ஏற்றலாமா என்பது இன்னொருவர் கேள்வி. பூந்தமல்லிப் பக்கம் வயலைவிடக் கட்டட வேலையில்தான் டிராக்டருக்கு நாள் வருமானம் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால், செங்கல் ஏற்றிய அன்று விபத்து நடந்தால் உங்களுக்குக் காப்பீடு இல்லை என்று அர்த்தம். தொழிலுக்கு ஓட்டுவதானால் அதற்குரிய பதிவும் காப்பீடும் மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். பத்திரத்தில் டிராக்டர் எண்ணோடு டிரைலரின் எண்ணும் இருக்கிறதா என்று அதே கையோடு பார்த்துவிடுங்கள். பலருடைய பத்திரத்தில் இருக்காது.

பெல்ட் வகை நெல் அறுவடை இயந்திரத்தை நாலு பேர் சேர்ந்து வாங்கி, பிக்-அப்பில் கொண்டுபோகலாமா என்று வேறொரு வாசகர் கேட்கிறார். அது 3 டன் அளவுக்கு வரும். பிக்-அப் தாங்காது, லாரிதான் வேண்டும். லாரி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இருபது முப்பது ஏக்கருக்காக வாங்குவது கட்டுப்படியாகாது. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் முன்பதிவு செய்து வாடகைக்கு எடுக்கலாம். அறுவடை நெருங்கும்போது எல்லோரும் கேட்பார்கள், கதிர் பால் பிடிக்கும்போதே பதிந்துவிடுங்கள். வயலுக்குள் லாரி வர வழி இருக்கிறதா, இயந்திரத்தை எந்த மேட்டில் இறக்குவது என்று அன்றைக்கே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால், அறுவடை நாளன்று சாலையோரத்தில் நின்று தவிக்க வேண்டியிருக்காது.

நடுவழியில் நின்றுபோன டிராக்டரை இன்னொரு டிராக்டரால் கட்டி இழுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கயிற்றில் கட்டினால் முன்வண்டி நிற்கும்போது பின்வண்டி வந்து இடிக்கும். இரும்புக் கம்பி இணைப்பில் மாட்டி, பின்வண்டியிலும் பழகிய டிரைவர் உட்கார்ந்து, நடக்கிற வேகத்தில் பக்கத்துப் பட்டறை வரை போகலாம். நெடுஞ்சாலை என்றால் அதுவும் வேண்டாம், மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.